மல்லிகாவின் கழுத்தும் நான் சொன்ன கிரேடும்

விடிந்தும் விடியாத நேரம். எங்கள் வீட்டு நடு அறையில் கறுப்பு நுரை ஷீட்டை விரித்து, அதன்மேல் மல்லிகா மல்லாந்து படுத்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. உள்ளங்கைகள் மேலே பார்த்திருந்தன. தலைமாட்டில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மூச்ச உள்ள இழு... வுடு. இப்ப முதுகக் கவனி. முதுகு நல்லா இருக்குது. இப்ப தோளு... எடது தோளு கொஞ்சம் தூக்கினு இருக்குது. இப்ப கழுத்து..."

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கவில்லை.

"கழுத்து, ரிஜெக்ட்."

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. மல்லிகா கண்ணைத் திறந்தாள்.

இதை நானாக எழுத வரவில்லை. போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் மேஸ்திரியோடு மல்லுக்கு நின்ற கதையைப் படித்துவிட்டு என் மனைவி கேட்டாள்: "உன் வீரப் பிரதாபத்தயே எழுதினு இருக்கியே, என் கழுத்துக்கு நீ போட்ட கிரேட எப்ப எழுதப் போற?" கேட்டவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. சரி, எழுதிவிடுகிறேன்.

வாயால் பிழைக்கிற தொழில்

என் வேலையைத் தெரியாதவர்களுக்கு நாலு வரி. ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் நான் தரம் பிரிக்கிறவன். பதப்படுத்திச் சாயம் ஏற்றிய தோல் ஒவ்வொன்றாக என் மேஜைக்கு வரும். விரித்து, தடவி, மடக்கிப் பார்த்து, இது ஏ, இது பி, இது சி, இது ரிஜெக்ட் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதிரே நிற்கிற அன்வர் பாய் அதைத் தோலின் பின்பக்கத்தில் சாக்பீஸால் எழுதுவார்.

அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் முதுகு, பிறகு தோள், பிறகு கழுத்து, கடைசியில் வயிறு. முள் கீறல், உண்ணி கடித்த புள்ளி, சூடு போட்ட தழும்பு எல்லாம் விரலுக்கே தெரியும். கையும் கண்ணும் பார்க்கும், வாய் தானாகச் சொல்லும். நடுவில் மூளைக்கு வேலையே கிடையாது. இருபத்தாறு வருஷமாக அப்படித்தான்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பகல் வெளிச்சத்தில்தான் தரம் சொல்வோம். எங்கள் மேஜை வடக்கு ஜன்னலை ஒட்டி இருப்பதே அதற்காகத்தான். பொழுது சாய்ந்துவிட்டால் முதலாளியே வந்து நின்றாலும் "காலையில பாத்துச் சொல்றேன் சார்" என்று மேஜையை விட்டு நகர்ந்துவிடுவேன். ட்யூப் லைட்டை நம்பி ஒரு தோலுக்கும் நான் கிரேடு சொன்னதில்லை. அந்தத் திமிர் எனக்கு ஜாஸ்தி.

வீட்டிலும் அதே புத்திதான். குழம்புக்குக் கிரேடு, கோலத்துக்குக் கிரேடு. மகளைப் பெண் பார்க்க வந்த குடும்பத்துக்கு அவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் "பி" என்று மல்லிகா காதில் சொன்னவன் நான். நல்லவேளை, அவர்கள் காதில் விழவில்லை. அந்தப் பையன்தான் இப்போது என் மாப்பிள்ளை, தங்கமான பையன். என் கிரேடு எவ்வளவு லட்சணம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னாலிருந்து கூப்பிட்டால்

மல்லிகா ஷூ கம்பெனியில் தைக்கிறாள். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் லைனில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவள். நேர்த்தையல் எல்லோருக்கும் வரும். முன்பக்கம் வளைந்து திரும்புகிற இடத்தில் இரட்டைத் தையல் போட வேண்டும் பாருங்கள், அங்கேதான் ஆள் யார் என்று தெரியும். புது மாடல் சாம்பிள் வந்தால் சூப்பர்வைசர் வேறு யாரையும் தேட மாட்டார். "மல்லிகாக்காவக் கூப்புடு" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் காய்ச்சலோடு வேலைக்குப் போன நாள்கள் உண்டு.

அப்படிப்பட்டவளின் கழுத்துதான் ஒருநாள் திரும்ப மாட்டேன் என்றது. நாள் முழுக்கக் குனிந்தே இருந்த கழுத்து. பின்னாலிருந்து கூப்பிட்டால், பீரோவை நகர்த்துகிற மாதிரி காலை எடுத்து வைத்து முழு உடம்பையும் திருப்புவாள். முதலில் நான் சிரித்தேன். ஒருநாள் தெருவைக் கடக்கும்போது பக்கத்தில் வந்த ஆட்டோவை அவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. மயிரிழையில் தப்பினாள். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலூருக்குப் பஸ் ஏறி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண்ணிடம் அனுப்பினார். சின்னப் பெண். மல்லிகாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, தைக்கும்போது மூச்சைப் பிடிச்சிக்குவீங்களா?"

மல்லிகாவுக்கு ஆச்சரியம். "ஆமா, உனக்கு எப்டித் தெரியும்? வளைவு வந்தா மூச்ச வுட மாட்டேன். வுட்டா தையல் ஆடிடும்."

"ஒரு நாளைக்கு எத்தனை வளைவு?"

மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். யார் எண்ணினார்கள்?

அந்தப் பெண் ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தாள். பூனை போல முதுகைத் தூக்குவது, பாம்பு போல நெஞ்சை நிமிர்த்துவது, தோளை உருட்டுவது, கடைசியில் சவம் போல அசையாமல் படுத்து உடம்பை ஒவ்வோர் உறுப்பாகக் கவனிப்பது. ஆறு வாரம், தினமும் வீட்டிலேயே செய்ய வேண்டும். எலும்பு கெடவில்லை, சதைதான் இறுகியிருக்கிறது, இளகினால் மிஷினில் உட்காரலாம், இல்லாவிட்டால் அந்த வேலையை மறந்துவிட வேண்டும் என்றாள்.

கம்பெனியில் அந்த ஆறு வாரம் லீவு கொடுப்பார்கள். திரும்பி வந்ததும் ஒருநாள் முழுக்க மிஷினில் உட்கார வைத்துப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் நூல் வெட்டும் மேஜை. நேற்று சேர்ந்த பெண்களெல்லாம் தைத்து அனுப்புவதில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுகிற வேலை அது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மல்லிகா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு வந்தாள். பள்ளிகொண்டா தாண்டியதும் சொன்னாள்: "மாமா, நான் நூலு வெட்ட மாட்டேன்."

கோபம் இல்லாதபோது நான் மாமா. கோபம் வந்தால் யோவ்.

குழாய் திறந்த சத்தம்

மறுநாளே கடைத்தெருவில் ஷூ சாமான் விற்கிற கடைக்குப் போய், காலணிக்குள் வைக்கிற நுரை ஷீட்டில் ஆள் நீளத்துக்கு ஒன்று வெட்டி வாங்கி வந்தாள். யோகா பாய் என்று தனியாக ஒன்று விற்கிறார்களாம். "இத வெச்சி ஊருக்கெல்லாம் ஷூ போடுறோம், எனக்கு இது போதாதா?" என்றாள்.

பூனை, பாம்பு எல்லாம் இரண்டு நாளில் வந்துவிட்டது. தொந்தரவு கடைசிப் படுக்கையில்தான். சென்னையில் இருக்கும் மகள், கண்ணை மூடிக் கேட்டபடி செய்வதற்கு ஒரு பதிவை போனில் அனுப்பியிருந்தாள். தேன் ஊற்றுகிற மாதிரி ஒரு பெண் குரல். பின்னால் ஆறு சலசலவென்று ஓடுகிறது.

குரல் சொன்னது: "உங்கள் உடல் இலேசாகிறது..."

மல்லிகா விருட்டென்று எழுந்து வாசலுக்கு ஓடினாள். குழாயில் தண்ணி வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள்! எங்கள் தெருவில் தண்ணி வருவது ஒருநாள் விட்டு ஒருநாள். அந்தச் சத்தம் கேட்டு எவள் படுத்திருப்பாள்? மூன்று தடவை படுத்தாள், மூன்று தடவையும் எழுந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மூன்றாவது தடவை நிஜமாகவே தண்ணி வந்திருந்தது, அது வேறு கதை.

மகள் வேறொரு பதிவு அனுப்பினாள். அதில் ஆறு இல்லை, மலை. "நீங்கள் ஒரு மலையுச்சியை நோக்கி மெல்ல ஏறுகிறீர்கள்" என்றது ஓர் ஆண் குரல். மல்லிகா வாழ்க்கையில் ஏறிய ஒரே மலை ஏலகிரி. கம்பெனி டூரில் போனபோது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்தவள். வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தாளு பேஜார் பண்றான். நிறுத்து மாமா."

கடைசியில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. அந்தப் பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, ஆற்றையும் மலையையும் கழித்துவிட்டு, மிச்சத்தை ஒரு நோட்டில் எழுதினேன். தினமும் காலையில் நான் படிப்பேன், அவள் கேட்பாள். "உன் கொரலு கரடுமுரடாத்தான் இருக்குது. ஆனா எந்திரிச்சி ஓடத் தோணல" என்றாள். என் குரலுக்கு அதுவரை யாரும் அவ்வளவு நல்ல பேர் கொடுத்ததில்லை.

நுணலும் தன் வாயால்

இரண்டு வாரம் ஒழுங்காகப் போனது. நோட்டில் காலிலிருந்து தலை வரைக்கும் என்று எழுதியிருந்தது. பாழாய்ப்போன பழக்கம், போகப்போக நான் நோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். முதுகு, தோள், கழுத்து, வயிறு என்று என் மேஜை ஒழுங்குக்கு வந்துவிட்டேன். "கவனி" என்று மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் நல்லா இருக்குது, கொஞ்சம் சுருக்கம் என்று சேர்க்கவும் ஆரம்பித்தேன். மல்லிகாவும் கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டாள். அந்தச் சொகுசில்தான் அன்றைக்கு அந்த வார்த்தை வந்தது.

"இன்னா சொன்ன?" என்றாள்.

"பழக்க தோஷம் மல்லி..."

"திருப்பிச் சொல்லுய்யா."

அவள் மெதுவாக எழுந்தாள். ஷீட்டைச் சுருட்டினாள். அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

"யோவ், கம்பெனி இன்னும் பாக்கல, டாக்டரு இன்னும் பாக்கல. நீ மின்னாடியே சாக்பீஸ்ல எழுதிட்ட இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

வேலைக்குப் போனதும் அன்வர் பாயிடம் சொன்னேன். கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். "அரே தோஸ்த், என் பீவி கிட்ட நான் பிரியாணில உப்பு கம்மின்னு கூட சொன்னதில்ல. நீ ரிஜெக்ட்னே சொல்லிட்டியா?" அன்று மேஜைக்கு வந்த எந்தத் தோலுக்கும் அந்தக் கிரேடு சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "சி, சி" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். மேனேஜர் வந்து திட்டிவிட்டுப் போனார்.

மூடிய கதவு

மூன்று நாள் என்னோடு பேச்சு இல்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, டிபன் பாக்ஸ் கைக்கு வந்தது, வார்த்தை மட்டும் வரவில்லை.

விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஒருவரை ஒருவர் நம்பி ஆரம்பித்த காரியம், ஓர் ஆள் வாயைக் கெடுத்துக்கொண்டால் அதோடு முடிந்தது. நானாக இருந்தால் அந்த ஷீட்டைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன். மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு நடு அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் குரல்.

யாரோடு பேசுகிறாள்? கதவில் காதை வைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் வைத்தேன்.

"காலு, நீ பாவம். மிஷின மெரிச்சி மெரிச்சி வீங்கிப் பூட்ட. கொஞ்சம் படு... கை, உன்னிய நான் மறக்க மாட்டேன்டி. எத்தினி ஜோடி தச்சிருப்ப... தோளே, எறங்கு. சூப்பர்வைசர் இல்ல, எறங்கு... கழுத்தே, யாரு இன்னா சொன்னாலும் காதுல வாங்காத. நான் கீறேன். மூச்சு இழுக்கறேன், வாங்கிக்கோ."

நோட்டு என்னிடம் இருந்தது. அவளுக்கு நோட்டே தேவைப்படவில்லை. லைனில் பக்கத்து மிஷின் பெண்ணுக்கு ஆறுதல் சொல்வதைப் போலத் தன் கைகாலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பதிவில் பேசிய தேன் குரலுக்கும் அந்த மலை ஏறிய ஆளுக்கும் இது தெரியுமா? எனக்குத் தெரிந்திருந்ததா? முப்பது வருஷம் ஒரு மனுஷியோடு குடும்பம் நடத்திவிட்டு, கதவுக்கு வெளியே நின்று அவளை ஒட்டுக் கேட்டு அழுத ஆள் நானாகத்தான் இருக்கும்.

நான்காம் நாள் கதவைத் தட்டினேன்.

"இன்னா?"

"உள்ள வரட்டுமா?"

"கிரேடு போடவா?"

"இல்ல. தப்பு பண்ணிட்டேன் மல்லி. வாய ஒடச்சிப் போடணும்."

கதவு திறந்தது. ஷீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்:

"உன் டேபிள்லதான் ரிஜெக்டு. எங்க லைன்ல அந்தப் பேச்சே கெடையாது. தையல் கோணிப் பூட்சா, பிரிச்சி மறுபடி தைப்போம். நான் இப்ப பிரிச்சினு கீறேன், புரிதா?"

"புரிது."

"அப்ப வாய மூடினு நீயும் படு."

படுத்தேன். இனிமேல் நானும் செய்ய வேண்டுமாம், சொல்வது அவள். ஐந்து நிமிஷம் அசையாமல் கிடக்க முடியவில்லை என்னால். என் கை தானாக அந்த நுரை ஷீட்டைத் தடவி எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று பார்த்துக்கொண்டே இருந்தது. "கைய அடக்கு" என்று ஓர் அடி விழுந்தது. ஒரு மனுஷி தன் உடம்புக்குள் அவ்வளவு நேரம் சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஐந்தாவது வாரத்தில் ஒருநாள் தண்ணிக் குடத்தைத் தூக்கிவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பழையபடி பீரோ மாதிரி திரும்பினாள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. "அவ்ளோதானா மாமா?" என்று கேட்டாள். இனிமேல் குடத்தை நான் தூக்குகிறேன் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் விடியற்காலை எனக்கு முன்னால் எழுந்து ஷீட்டை விரித்திருந்தாள். அதற்கடுத்த நாளும், அதற்கடுத்த நாளும்.

பஸ் வரும் நேரம்

ஆறு வாரம் முடிந்து, மிஷினில் உட்கார வைத்துப் பார்க்கும் அந்த நாளும் வந்தது. காலையில் கம்பெனி பஸ் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்ப முடியவில்லையா, திரும்பப் பிடிக்கவில்லையா என்று தெரியாமல் நான் ஸ்டாப்பிலேயே நின்றேன்.

மேஜையில் வேலை ஓடவில்லை. "தோஸ்த், இதே தோல மூணாவது வாட்டி தடவுற" என்றார் அன்வர் பாய். மதியத்துக்கு மேல் பர்மிஷன் போட்டுவிட்டு ஸ்டாப்புக்கு வந்துவிட்டேன். பஸ் வர இன்னும் நேரம் கிடந்தது. எதிர்க்கடையில் மூன்று டீ குடித்தேன். பாலாற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது, எங்கள் ஊர்த் தோல் வாசனையோடு. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். நான் நெஞ்சு நிறைய இழுத்து விட்டேன், அவள் சொல்லிக்கொடுத்த மாதிரி.

பொழுது சாய்ந்து, கடைகளில் லைட் போட்ட பிறகுதான் பஸ் வந்தது. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஏழெட்டுப் பேருக்குப் பின்னால் மல்லிகா. இறங்கியவள் என்னைக் கவனிக்காமல் வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. முதுகைப் பார்த்து இத்தனை வருஷம் எத்தனையோ சொன்னவன், அன்றைக்கு ஒன்றும் கண்டுபிடிக்க முடியாமல் நின்றேன்.

"மல்லி!"

கால் நகரவில்லை. தோள் நகரவில்லை. கழுத்து மட்டும் திரும்பியது. தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

நான் ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டேன். கண்ணெல்லாம் களைப்பு. நூல் துணுக்கு ஒன்று முடியில் ஒட்டியிருந்தது.

"வலிக்குதா?"

"வலிக்காமயா? சாயங்காலம் லேசா வலிச்சிச்சி. ஆனா நாளு முழுக்க மிஷின்லதான் ஒக்காந்தேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "வளைவுல மூச்சு வுட்டேன் மாமா. மொத ஜோடில கை நடுங்குச்சி. அப்பறம் வுட்டுனே தச்சேன். தையலு ஆடல."

நான் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

"சூப்பர்வைசர் இன்னா சொன்னாரு?"

"நாளைக்கி புது மாடலு சாம்பிள் வருதாம். வர சொல்லிட்டாரு." அவள் முகத்தில் அந்தப் பழைய கர்வம் வந்துவிட்டது. கழுத்தை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை எனக்காகவே திருப்பிக் காட்டினாள். "இன்னா அப்டிப் பாக்குற? பெரிய ஆளாச்சே நீ. இப்ப சொல்லு உன் கிரேட."

டீக்கடை ட்யூப் லைட் வெளிச்சத்தில் அவள் முகம் எனக்குக் கலங்கலாகத் தெரிந்தது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"பொழுது பூடுச்சி மல்லி. வெளிச்சம் இல்லாம நான் சொல்ல மாட்டேன்."